நாற்காலி ஏற்கெனவே போட்டிருக்கிறது: உகாண்டா கிராமங்களில் மாற்றுத்திறனாளிகளோடு பணியாற்றப் போகிறவர்களுக்கு

உகாண்டாவுக்குத் தொண்டு நிறுவன வேலைக்கோ ஓராண்டுத் தன்னார்வப் பணிக்கோ கிளம்புகிறவர்களிடம், மாற்றுத்திறனாளிகளுக்காக என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "விழிப்புணர்வு ஏற்படுத்துவோம்." அந்தச் சொல்லை ஊரிலேயே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போங்கள். நீங்கள் போய்ச் சொல்லித்தான் உரிமை என்றால் என்னவென்று தெரிய வேண்டிய நாடு அல்ல அது.

1995ஆம் ஆண்டு உகாண்டா அரசியல் சட்டத்தின் 35ஆம் பிரிவு மாற்றுத்திறனாளிகளின் மாண்பை உறுதி செய்கிறது. காது கேளாதோருக்கான சைகை மொழியை வளர்ப்பது அரசின் பொறுப்பு என்றும் அதே சட்டம் சொல்கிறது. 1997 உள்ளாட்சிச் சட்டப்படி சப்-கவுன்ட்டி (பல கிராமங்கள் சேர்ந்த உள்ளாட்சி அலகு) மன்றத்திலும் மாவட்ட மன்றத்திலும் ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இரண்டு மாற்றுத்திறனாளி உறுப்பினர்கள் இருந்தாக வேண்டும். நாடாளுமன்றத்தில் அவர்களுக்கென்று ஐந்து இடங்கள் உண்டு. காது கேளாதவரான அலெக்ஸ் என்டீசி 1996இல் அப்படித்தான் நாடாளுமன்றத்துக்குள் போனார். தமிழ்நாடு தன் ஊராட்சிகளிலும் நகராட்சிகளிலும் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கச் சட்டம் கொண்டுவந்தது 2025இல்தான். பாடம் சொல்லக் கிளம்புகிறவர்கள் இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

சட்டம் நாற்காலி போட்டுவிட்டது. ஆனால் அந்த நாற்காலி வரைக்கும் போக வழி இல்லை: மூன்று படிக்கட்டு, கொடுக்கக் காசில்லாத வண்டிக்கூலி, மொழிபெயர்க்க ஆளில்லாத கூட்டம். அந்த வழியைச் சரிசெய்வதுதான் புதிதாகப் போகிறவர் செய்யக்கூடிய வேலை. அதை எப்படிச் செய்வது என்று நான் பார்த்த, தவறிய வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் வாரம்: யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?

கிராமத்துக்குள் எதைச் செய்வதற்கு முன்பும் எல்.சி.1 தலைவரைப் பாருங்கள். எல்.சி.1 என்பது கிராம மன்றம். அதற்கு மேலே பாரிஷ், சப்-கவுன்ட்டி, மாவட்டம் என்று படிகள் ஏறும். தலைவரிடம் அறிமுகக் கடிதத்தைக் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். உகாண்டாவில் முத்திரை இல்லாத காகிதத்துக்கு மதிப்புக் குறைவு. பேச வந்த விஷயத்தை எடுத்த எடுப்பில் போட்டு உடைக்காதீர்கள். தலைநகர் கம்பாலாவைச் சுற்றியுள்ள புகாண்டா பகுதியில் நலம் விசாரிப்பது ஒரு முழு உரையாடல். எப்படி இருக்கிறீர்கள், வீட்டில் எல்லாரும் எப்படி, வேலை எப்படி என்று போய்க்கொண்டே இருக்கும். ஆண்களைச் 'செபோ' என்றும் பெண்களை 'ஞாபோ' என்றும் மரியாதையாக அழைப்பார்கள். இந்த இரண்டு சொற்களைப் பழகிக்கொண்டாலே பாதிக் கதவு திறந்துவிடும்.

அடுத்து சப்-கவுன்ட்டி அலுவலகத்தில் சமூக மேம்பாட்டு அலுவலர். அரசு உதவித்தொகை, குழுப் பதிவு எல்லாம் அவர் மேசை வழியாகத்தான் போகும். மூன்றாவதாகப் பார்க்க வேண்டியவர்கள்தான் உண்மையில் முக்கியமானவர்கள்: அந்த இரண்டு மாற்றுத்திறனாளி மன்ற உறுப்பினர்கள். அவர்களின் தொகுதி ஒரு கிராமம் அல்ல, முழு சப்-கவுன்ட்டி. கால் நடக்க முடியாத ஒருவர் இத்தனை கிராமங்களையும் எப்படிச் சுற்றி வருவார்? சுற்றுவதில்லை என்பதுதான் பதில். 1987இல் தொடங்கிய உகாண்டா மாற்றுத்திறனாளிகள் தேசிய ஒன்றியத்தை எல்லாரும் 'நுடிப்பு' என்றே சொல்வார்கள். மாவட்டங்களில் அதன் கிளைச் சங்கங்கள் உண்டு. உங்கள் மாவட்டத்துச் சங்கத்தைத் தேடிப் பிடியுங்கள். அதைத் தவிர்த்துவிட்டுப் புதுக் குழு ஆரம்பிக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். அடக்கிக்கொள்ளுங்கள்.

சொல்லைக் கவனியுங்கள்

புகாண்டா பகுதியில் பேசும் லுகாண்டா மொழியில் காது கேளாதவரைக் 'கசிரு' என்று சொல்வதைக் கேட்பீர்கள். அதன் வேரில் 'முட்டாள்' என்ற பொருள் இருக்கிறது. நடக்க முடியாதவரைக் 'கடேயம்பா' என்பார்கள். தனக்குத்தானே உதவிக்கொள்ள முடியாதவர் என்று பொருள். நம் ஊரில் ஊமை, நொண்டி என்று சொல்லியே பெயரை மறந்துபோன மனிதர்கள் இருப்பதுபோல, அங்கேயும் இந்தச் சொற்களே பெயராகிப்போனவர்கள் உண்டு. மரியாதையான சொல் 'அபாந்து அபாலிகோ ஓபுலெமு': குறை உள்ள மனிதர்கள். அதில் மனிதர் என்ற சொல் முதலில் வந்துவிடுவதைக் கவனியுங்கள். ஆங்கிலம் கலந்து பேசும் இடங்களில் 'பி.டபிள்யூ.டி.' (பெர்சன் வித் டிசெபிலிட்டி) என்ற சுருக்கமே போதும்.

இது வெறும் நாகரிகப் பிரச்சினை அல்ல. மனநலப் பிரச்சினை உள்ளவர்களையும் அறிவு வளர்ச்சி குன்றியவர்களையும் இழிவாகக் குறித்த சொற்கள் உகாண்டாவின் சட்டப் புத்தகத்திலேயே இருந்தன. 2015இல் அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் அவை மனித மாண்புக்கு எதிரானவை என்று தீர்ப்பளித்தது. யாராவது "ஒரு சொல்லில் என்ன இருக்கிறது?" என்று கேட்டால் இதைச் சொல்லலாம். ஆனால் கிழவி ஒருத்தி தன் பேரனைப் பழைய சொல்லால் அழைக்கும்போது குறுக்கே பாய்ந்து திருத்தாதீர்கள். நீங்கள் பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். இரண்டு மாதத்தில் பக்கத்து வீட்டுக்காரரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

எண்ணுவது எப்படி?

"உங்கள் வீட்டில் ஊனமுற்றவர் யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். வெட்கம் ஒரு காரணம். அந்தச் சொல்லுக்கு அவரவர் வைத்திருக்கும் பொருள் இன்னொரு காரணம். உலகம் முழுவதும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பயன்படும், ஐ.நா.வின் கீழ் இயங்கும் வாஷிங்டன் குழுவின் ஆறு கேள்விகளை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி போட்டிருந்தாலும் பார்ப்பதில் சிரமம் உண்டா, கருவி வைத்திருந்தாலும் கேட்பதில் சிரமம் உண்டா, நடப்பதில், படி ஏறுவதில் உண்டா, நினைவில் வைப்பதில், கவனம் செலுத்துவதில் உண்டா, குளிப்பது, உடுத்துவது போன்றவற்றில் உண்டா, தன் மொழியிலேயே பேசிப் புரியவைப்பதில் உண்டா? ஒவ்வொன்றுக்கும் நான்கு பதில்கள்: சிரமமே இல்லை, கொஞ்சம், அதிகம், முடியவே முடியாது. இந்த வகையில் கேட்டுத்தான் உகாண்டாவின் 2014 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இரண்டு வயதுக்கு மேற்பட்டோரில் 12.4 சதவீதம் பேருக்கு ஏதாவதொரு சிரமம் இருப்பதாகத் தெரிந்தது.

ஒரு வீட்டில் முதல் மூன்று கேள்விகளுக்கும் "இல்லை, இல்லை" என்று சொல்லிக்கொண்டே வந்த பாட்டி, நினைவு பற்றிய கேள்வி வந்ததும் சட்டென்று உள்ளே கை காட்டினார். "அவன் பிறவியில் நன்றாகத்தான் இருந்தான், மலேரியாக் காய்ச்சலுக்குப் பிறகுதான் இப்படி" என்றார். பிறவிக்குறை மட்டுமே 'ஊனம்' என்பது அவர் கணக்கு. கேள்வியை மாற்றியிருக்காவிட்டால் அந்தப் பையன் என் நோட்டில் ஏறியிருக்கவே மாட்டான்.

இந்த ஆறு கேள்விகளுக்கும் ஓட்டை உண்டு. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு இவை பொருந்தாது. மனநலச் சிக்கல் உள்ளவர்கள் இதில் சிக்காமல் நழுவுவார்கள். தோல் நிறமி குறைந்து பிறந்த அல்பினிசம் உள்ளவர்களும் அப்படியே. அவர்களைப் பற்றிக் கிராமச் சுகாதாரக் குழுவினரிடம் தனியாகக் கேளுங்கள். எந்த வீட்டில் யார் வெளியே வருவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். இன்னொன்று: பெயர்ப்பட்டியல் உங்கள் கைப்பேசியில் மட்டும் இருக்கக் கூடாது. மன்ற உறுப்பினரின் நோட்டில் இருக்க வேண்டும்.

கூட்டம் போடுவது

என்னுடைய முதல் கூட்டம் ஒரு படுதோல்வி. நல்ல சிமென்ட் கட்டடம், மின்விசிறி, வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலி. வாசலில் மூன்று படிகள். தவழ்ந்து வந்த ஒருவர் அந்தப் படிகளில் ஏறும்போது எல்லாரும் வேறு பக்கம் பார்த்தார்கள். அதற்குப் பிறகு மாமரத்தடிதான். தரை சமம், நிழல் உண்டு, கடந்து போகிறவர்களும் நின்று கேட்கலாம். அதுவே பாதிப் பிரசாரம்.

நேரம்: காலையில் வைத்தால் பெண்கள் தோட்டத்தில் இருப்பார்கள். மழைக்காலத்தில் பிற்பகல் மழைக்குப் பயந்தாக வேண்டும். எனவே நீங்களே நேரம் குறிக்காமல் அவர்களிடமே கேட்டுவிடுங்கள்.

வண்டிக்கூலி: மோட்டார் சைக்கிள் டாக்சிக்கு அங்கே 'போடா-போடா' என்று பெயர். தமிழ்க் காதுக்கு முதல் வாரம் வசவுபோலக் கேட்கும், பழகிவிடும். உகாண்டா, கென்யா எல்லையில் உள்ள புசியா ஊரில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஆட்களை ஏற்றிப்போன சைக்கிள்களிலிருந்து வந்த பெயர் அது: 'பார்டர்' (எல்லை) என்ற ஆங்கிலச் சொல்தான் 'போடா' ஆனது. கூட்டத்துக்கு வருகிறவர்களுக்குப் போக்குவரத்துச் செலவைத் திருப்பித் தருவது உகாண்டாவில் எழுதாத விதி. புதிதாக வருகிறவர்கள் இதை லஞ்சம் என்று நினைத்து முகம் சுளிப்பார்கள். நடந்து வர முடிகிறவருக்கு அது கூடுதல் காசாக இருக்கலாம்; நடக்க முடியாதவருக்கு அந்தக் காசு இல்லாவிட்டால் கூட்டமே இல்லை. துணைக்கு வருகிறவருக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பட்ஜெட் போதவில்லை என்றால் ஆளைக் குறையுங்கள், இந்தச் செலவைக் குறைக்காதீர்கள்.

மொழி: உகாண்டா சைகை மொழி தெரிந்த மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே பேசி வையுங்கள். காது கேளாதவருக்குத் தாளில் எழுதிக் காட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள். பள்ளிக்கே போகாதவருக்கு எழுத்து என்ன சொல்லும்? கிராமத்திலேயே வளர்ந்தவர்களில் சிலருக்கு அந்த நாட்டுச் சைகை மொழியும் தெரியாது. அம்மாவும் அக்காவும் மட்டும் புரிந்துகொள்கிற வீட்டுச் சைகைதான் தெரியும். அப்படியானால் அந்த அக்காவும் வர வேண்டும். நீங்கள் பேசும்போது மொழிபெயர்ப்பாளரைப் பார்த்துப் பேசாதீர்கள், அந்த மனிதரைப் பார்த்துப் பேசுங்கள். பார்வையற்றவர் இருந்தால் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று தொடக்கத்திலேயே ஒவ்வொருவரும் பெயர் சொல்லட்டும்.

தலைமை: கூட்டத்தை நடத்துவது அந்த மன்ற உறுப்பினராக இருக்கட்டும். நீங்கள் பின்வரிசையில் உட்காருங்கள். வெளிநாட்டு முகம் முன்னால் இருந்தால் கேள்விகள் எல்லாம் "என்ன கொடுப்பீர்கள்?" என்று உங்களை நோக்கித்தான் வரும். அவர் முன்னால் இருந்தால் "எங்களுக்கு வர வேண்டியது ஏன் வரவில்லை?" என்று கேட்பார்கள்.

சரிவும் கழிப்பறையும்

படிக்கட்டுக்குப் பக்கத்தில் பலகை ஒன்றைச் சாய்த்து வைத்துவிட்டுச் சரிவுப்பாதை என்று பெயர் சூட்டுவதை நிறைய இடங்களில் பார்ப்பீர்கள். கணக்கு எளிது: ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். 15 செ.மீ. உயரமுள்ள ஒரு படிக்கு 1.8 மீட்டர் வேண்டும். என் முதல் கூட்டத்து மூன்று படிக்கு 5.4 மீட்டர். அவ்வளவு இடமில்லை என்றால் சரிவை வளைத்துக் கட்டலாம், அல்லது கூட்டத்தையே வேறு இடத்துக்கு மாற்றலாம். செங்குத்தான சரிவு படிக்கட்டைவிட ஆபத்தானது.

கழிப்பறையைப் பற்றி யாரும் மேடையில் பேசுவதில்லை. ஆனால் பெண் பிள்ளைகள் பள்ளியை விட்டு நிற்பதற்கும், பெரியவர்கள் கூட்டத்துக்கு வராததற்கும் பாதிக் காரணம் அதுதான். குழிக் கழிப்பறையின் ஈரத்தரையில் கையூன்றித் தவழ்ந்து போவதை நினைத்துப் பாருங்கள். சரிசெய்யப் பெரிய பணம் தேவையில்லை. குழிக்கு மேல் செங்கல்லால் ஒரு இருக்கை கட்டலாம். அல்லது நடுவில் ஓட்டை போட்ட மர முக்காலியை வைக்கலாம். பக்கச் சுவரில் பிடித்து எழ ஒரு கம்பு. கதவு 90 செ.மீ. அகலத்தில், வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். பார்வையற்றவருக்கு வீட்டு வாசலிலிருந்து கழிப்பறை வரை இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு. உள்ளூர் தச்சரையும் கொத்தனாரையும் வைத்தே செய்யுங்கள். எது எங்கே வர வேண்டும் என்பதைப் பயன்படுத்தப் போகிறவர் உட்கார்ந்து, எழுந்து பார்த்துச் சொல்லட்டும். கர்ப்பிணிகளும் கிழவர்களும் அதையே தேடி வருவதைப் பிறகு பார்ப்பீர்கள்.

சக்கர நாற்காலி என்னும் ஆசை

நன்கொடையாக வரும் சக்கர நாற்காலிகளில் பல, மருத்துவமனை வராந்தாவுக்காகச் செய்தவை. முன்சக்கரம் சின்னது. செம்மண் சாலையில், அதுவும் மழைக்குப் பிறகு, அந்தச் சக்கரம் புதைந்துவிடும். ஆள் முன்னால் விழுவார். முதுகுத்தண்டு அடிபட்டு உணர்ச்சி இழந்தவருக்குச் சரியான மெத்தை இல்லாத நாற்காலி கொடுத்தால் புண் வரும். அந்தப் புண் உயிரையே எடுக்கலாம். அளவெடுக்காமல் நாற்காலி கொடுப்பது கண் பரிசோதிக்காமல் கண்ணாடி கொடுப்பது மாதிரி. உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதற்கு எட்டுப் படிகள் சொல்கிறது. நாற்காலியைத் தயாரிப்பது அவற்றில் ஒன்றே ஒன்று. ஆளைப் பரிசோதிப்பதும், பொருத்திப் பார்ப்பதும், ஓட்டப் பழக்குவதும், பின்னால் பழுது பார்ப்பதும் மற்றவற்றில் சில. மேடுபள்ளச் சாலையில், முன்பக்கம் ஒற்றைச் சக்கரம் நீண்டிருக்கும் மூன்று சக்கர வகை நன்றாக ஓடும். உள்ளூர்ச் சைக்கிள் கடையில் கிடைக்கும் டயர் அதற்குப் பொருந்துமா என்பதையும் வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

தூரம் போக வேண்டியவருக்குக் கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி. அதன் அருமையை அறிய மறுபடியும் புசியாவுக்குத்தான் போக வேண்டும். அந்த எல்லையில் மாற்றுத்திறனாளி வணிகர்கள் தங்கள் மூன்று சக்கர வண்டிகளில் சரக்கு ஏற்றி இரண்டு நாடுகளுக்கும் நடுவே வியாபாரம் செய்து குடும்பம் நடத்தினார்கள். சுங்க அதிகாரிகள் அவர்களைக் கண்டும் காணாமலும் விடுவது வழக்கம் என்பதால், மற்ற வியாபாரிகளே அவர்களைத் தேடிப்போய்ச் சரக்கைக் கொடுத்தார்களாம். இரக்கத்தை முதலீடாக மாற்றிய அந்தச் சாமர்த்தியம் எந்தப் பயிற்சி முகாமிலும் கற்றுக்கொடுக்காதது. வண்டி கொடுத்தால் போதும், அதை வைத்து என்ன செய்வது என்பது அவர்களுக்குத் தெரியும்.

மருத்துவம் உங்கள் வேலை அல்ல. யாரை எங்கே அனுப்புவது என்று தெரிந்திருந்தால் போதும். பாதம் உள்பக்கம் வளைந்து பிறந்த குழந்தையைச் சில வாரங்களுக்குள் கொண்டுபோனால் வாராவாரம் மாவுக்கட்டு மாற்றியே பெரும்பாலும் நேராக்கிவிடுவார்கள். தலை வேகமாகப் பெருத்துக்கொண்டே போகும் கைக்குழந்தையை உடனே அனுப்ப வேண்டிய இடம் இம்பாலே நகரில் உள்ள கியூர் குழந்தைகள் மருத்துவமனை. தலையில் நீர் கோப்பதற்கான சிகிச்சையில் உலகமே கவனித்த இடம் அது.

பள்ளி

1997இல் இலவசத் தொடக்கக் கல்வி வந்தபோது குடும்பத்துக்கு நான்கு பிள்ளைகள் என்று வரம்பு வைத்தார்கள். வீட்டில் மாற்றுத்திறனாளிக் குழந்தை இருந்தால் அதற்கே முன்னுரிமை என்றும் அப்போதே சொன்னார்கள். சொன்னதற்கும் நடப்பதற்கும் இடையே தலைமை ஆசிரியர் இருக்கிறார். அவரை எதிரியாக்காமல் சின்னச் சின்ன மாற்றங்களைக் கேளுங்கள். அல்பினிசம் உள்ள பிள்ளைக்குப் பார்வையும் மங்கலாக இருக்கும். முன்பெஞ்சு வேண்டும், கரும்பலகைக்கு எழுந்து போய்ப் பார்த்துவர அனுமதி வேண்டும். சீருடை விதி என்று சொல்லித் தொப்பியைக் கழற்றச் சொல்லக் கூடாது, ஏனென்றால் வெயில் அந்தத் தோலில் புற்றுநோயாக மாறக்கூடும். நடக்க முடியாத பிள்ளை இருக்கும் வகுப்பை மேட்டு அறையிலிருந்து கீழே மாற்றலாம். இவற்றுக்கெல்லாம் ஒரு ஷில்லிங்கும் ஆகாது.

சாபம், பேய், மருந்து

வலிப்பு வந்து விழுந்தவரைத் தொட்டால் நோய் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து, நெருப்பில் விழுந்தவரைக்கூடத் தூக்காமல் நிற்பவர்கள் உண்டு. எச்சில்தான் அவர்கள் பயம். வாதாடிப் பயனில்லை. நீங்கள் போய்த் தொடுங்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், வலிப்பு நின்ற பிறகும் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். ஊரே பார்க்கட்டும். பாஸ்டரிடமோ இமாமிடமோ "பிரார்த்தனையை நிறுத்துங்கள்" என்று சொல்லிச் சண்டைக்குப் போகாதீர்கள். "மாத்திரையையும் நிறுத்த வேண்டாம் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவர் வார்த்தைக்கு உங்கள் வார்த்தையைவிட எடை அதிகம்.

ஆனால் அடித்தல், கட்டிப்போடுதல், உடல் உறுப்புக்காக அல்பினிசம் உள்ளவரைக் குறிவைத்தல் என்று வந்தால் சமாதானப் பேச்சு கிடையாது. போலீஸ், மாவட்டச் சங்கம் இரண்டுக்கும் உடனே தகவல் போக வேண்டும். 2018இல் ஆப்பிரிக்க ஒன்றியம் ஏற்றுக்கொண்டு 2024இல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமை ஒப்பந்தம் இப்படிப்பட்ட தீய வழக்கங்களைப் பெயர் சொல்லியே கண்டிக்கிறது. உகாண்டாவின் 2020 மாற்றுத்திறனாளிகள் சட்டமும் பாகுபாட்டைக் குற்றமாக்கியிருக்கிறது.

பணமும் நீங்கள் கிளம்பும் நாளும்

2022இல் தொடங்கிய பாரிஷ் மேம்பாட்டுத் திட்டத்தில் ஒவ்வொரு பாரிஷுக்கும் ஆண்டுக்குப் பத்துக் கோடி ஷில்லிங் என்று அறிவித்தார்கள். அதில் பத்து சதவீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு. குழுவாகப் பதிவு செய்தவர்களுக்குத்தான் அது எட்டும். ஆகவே கிராமச் சேமிப்புக் குழுக்களில் இவர்களைச் சேர்ப்பதில் உங்கள் நேரத்தைச் செலவிடுங்கள். தனிக் குழுவா, எல்லாரும் இருக்கும் குழுவா என்று கேட்பார்கள். என் வோட்டு இரண்டாவதற்கு. பக்கத்து வீட்டுக்காரியோடு சேர்ந்து வாரம்தோறும் காசு எண்ணுகிறவரைக் 'கடேயம்பா' என்று யாராலும் அழைக்க முடிவதில்லை.

படம் எடுப்பதைப் பற்றி ஒரே ஒரு விதி: உங்கள் அம்மாவை அந்தக் கோலத்தில் எடுக்க விடுவீர்களா என்று யோசித்துவிட்டு எடுங்கள்.

உகாண்டாவின் நிதியாண்டு ஜூலை 1 அன்று தொடங்குகிறது. அதற்கான உள்ளாட்சி பட்ஜெட் கூட்டங்கள் முந்தைய அக்டோபர், நவம்பர் வாக்கில் நடக்கும். அந்தத் தேதியைச் சப்-கவுன்ட்டியில் கேட்டுக் குறித்துக்கொண்டு, அதற்கு ஒரு மாதம் முன்பே மன்ற உறுப்பினர்கள் இருவருடனும் உட்காருங்கள். வீடு வீடாக எடுத்த கணக்கு, சரிவுக்கும் கழிப்பறைக்கும் கொத்தனார் சொன்ன விலை, மொழிபெயர்ப்பாளரின் ஒரு நாள் கூலி: மூன்றையும் ஒரே தாளில் எழுதி, தலைவரிடம் முத்திரை வாங்கி, அவர்கள் கையில் கொடுங்கள். கூட்டத்துக்குப் போக இரண்டு போடா-போடாவுக்கு முன்பணம் கொடுத்துவிடுங்கள். நீங்கள் கூடப் போக வேண்டாம்.